காணி கேட்டு வந்தவர்களுக்கு நூற்றுக்கு 34

முப்பத்தொரு ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவள் நான். ஓய்வுபெற்ற பிறகு புள்ளி போட எதுவும் கிடைக்காமல் இருந்த கைக்கு, போன சித்திரையில் ஒரு விடைத்தாள் வந்து சேர்ந்தது. காற்றாலை நிறுவுவதற்குக் காணியைக் குத்தகைக்கு எடுத்துக்கொடுக்கும் இடைத்தரகு நிறுவனம் ஒன்று, பளைப் பக்கத்தில் உள்ள என் தென்னங்காணியைக் கேட்டு ஆள் அனுப்பியது. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அடுத்து யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் அந்த வீட்டார் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான் இந்த மதிப்பீடு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காற்றாலை என்றாலே முகத்தைச் சுளிக்கிறவள் இல்லை நான். 2014இல் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. அந்த ஆண்டிலேதான் பளைப் பக்கத்தில், நீரேரியை ஒட்டிப் பொல்லுப்பளையிலும் வல்லிமுனையிலும் பத்துப் பத்து மெகாவாட் காற்றாலைகள் எழும்பின. ரயில் ஜன்னலால் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் குளிரும். போருக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் உயரமாக எழும்பிய பொருளில், துப்பாக்கியோடு ஆள் ஏறி நிற்காதது அது ஒன்றுதான் என்று ஒரு முறை என் கணவரிடம் சொன்னேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கதை என்றார்.

காணி 24 பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதால் ஒன்றரை ஏக்கர். அதில் 14 பரப்பு அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. மிச்சம் 10 பரப்பு முதுசம், அதாவது பரம்பரைக் காணி. எனக்கும் டென்மார்க்கில் இருக்கும் தம்பிக்கும் இன்னும் பிரிபடாமல் கிடக்கிறது. போர்க்காலத்து முகமாலை முன்னரங்கு எங்களுக்குக் கூப்பிடு தூரம். கண்ணிவெடி அகற்றிக் காணி கைக்கு வந்தபோது அங்கே நின்ற தென்னைகளில் பாதிக்குத் தலை இல்லை. ஏக்கருக்கு 64 கன்று என்பது தென்னைக்கு வழக்கமான கணக்கு. அப்படிப் பார்த்தால் 96 நிற்க வேண்டும். கிணற்றுக்கும் கொட்டிலுக்கும் இடம் விட்டு 88 வைத்தோம். ஏழு ஆண்டுகள் வாளியால் தண்ணீர் ஊற்றினோம். இப்போதுதான் ஒழுங்காகக் காய்க்கின்றன.

வந்தது இருபத்தைந்து இருபத்தாறு வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை. மஞ்சள் கோப்பு, மோட்டார் சைக்கிள், கழுத்தில் அடையாள அட்டை. காலை ஒன்பது என்றால் ஒன்பது; ஒரு நிமிடம் பிந்தவில்லை. செருப்பை வாசலில் கழற்றினான். பனங்கட்டியோடு தேநீர் கொடுத்தேன். பனங்கட்டியைக் கடித்துக் குடிக்கத் தெரிந்திருந்தது. இதற்கெல்லாம் நான் தாராளமாகப் புள்ளி கொடுக்கிறவள். ஆளுக்கு 40, காகிதத்துக்கு 60 என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டேன்.

பிறகு கதிரையை என் கணவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் அவரோடு மட்டும் பேசினான். ஐயா, உங்கள் காணி. ஐயா, உங்களுக்கு வருமானம். ஐயா இந்த இடத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ஐயா என்னைப் பார்த்தார். நான் குசினிக் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சீதனக் காணியை மனைவி கைமாற்றுவதென்றால் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் எழுதிவைத்தது. அதிலேயே எனக்கு ஒரு கோபம் உண்டு, அது வேறு கதை. ஆனால் மனைவியின் காணியைக் கணவன் தன் பாட்டுக்குத் தூக்கிக் கொடுக்கலாம் என்று அந்தச் சட்டத்திலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் காணி கேட்டு வருகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, காணி உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்பது. அவன் அதைக் கேட்டது தேநீர் ஆறிய பிறகு.

"அப்படியென்றால் அன்ரியும் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்றான்.

நாற்பதில் பத்து அங்கே போயிற்று.

தம்பியின் பங்கைப் பற்றி நான் சொன்னதும் கைப்பேசியில் ஏதோ பார்த்தான். கோபுரத்தின் அத்திவாரம் சீதனக் காணிக்குள்ளேதான் வருகிறது, ஆகவே தம்பியின் சம்மதம் தேவைப்படாது என்றான். படத்தை விரித்து வைத்து நான் காட்டினேன். அத்திவாரம் என் பக்கம், சரி. பாரந்தூக்கி நிற்பதற்கு மேடை போடும் இடம் முழுவதும் பிரிபடாத காணியில் கிடக்கிறது. தன் சார்பில் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தைத் தம்பி அங்கேயிருந்து எழுதி அனுப்பாமல் அதில் ஒரு லொறிக் கல் கூடக் கொட்ட முடியாது. அந்த எல்லைக் கோட்டை அவன் கவனிக்கவில்லை. படம் கொழும்பில் வரைந்தது என்று ஒப்புக்கொண்டான். அந்த நேர்மைக்காக இரண்டு புள்ளி திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் எனக்குத் தெரியாமல் கிராம அலுவலரிடம் போய் என் காணி விவரம் விசாரித்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு ஆறு புள்ளி குறைத்தேன். ஆக 26.

இனிக் காகிதம். பத்தொன்பது பக்கம் ஆங்கிலம். மேலே ஊசி குத்திய இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம். அந்தச் சுருக்கத்தை எழுதியவர் யாராக இருந்தாலும் என் வகுப்பில் இருந்திருந்தால் வாங்கில் ஏற்றி நிறுத்தியிருப்பேன். குத்தகைக்கு விடுகிறவரும் 'குத்தகையாளர்', குத்தகைக்கு எடுக்கிறவரும் 'குத்தகையாளர்'. நான்காம் பந்தியை அப்படியே வாசித்தால், என் காணியில் அவர்கள் கோபுரம் நட, ஆண்டுதோறும் வாடகையை நான் அவர்களுக்குக் கட்ட வேண்டும். அந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தான். பிறகு சிரித்தது பிழை என்று உணர்ந்து கோப்பை மூடினான்.

ஆங்கிலப் பிரதியை இரண்டு இரவு இருந்து வாசித்தேன். முதல் மூன்று ஆண்டுகள் 'தெரிவுக் காலம்'. அதாவது காற்றை அளப்பார்கள், யோசிப்பார்கள், வங்கியில் கதைப்பார்கள். நான் காணியை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதற்கு அவர்கள் தருவது ஆண்டுக்கு ஒரு தொகை. நான் தேங்காய்க் கணக்கில்தான் யோசிப்பேன்: நாலு மரத்தின் காய்ப்பு. பிறகு இருபது ஆண்டு. அதற்குப் பிறகு அவர்கள் விரும்பினால் மேலும் ஐந்து; நான் விரும்புவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்கு இப்போது 66. கூட்டிப் பார்த்தால் குத்தகை முடியும்போது 94 வயதில் நான் போய்த் திறப்பு வாங்க வேண்டும்.

கோபுரம் எழும்பிய பிறகு வரும் வாடகை இருபது மரத்தின் காய்ப்பு அளவு. படத்தில் சிவப்பு வட்டத்துக்குள் நிற்கும் மரங்களை எண்ணினேன். முப்பத்தெட்டு. வட்டத்துக்குள் நிற்பதெல்லாம் விழும். இருபதுக்கு முப்பத்தெட்டு என்பதை நான் ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கூடக் கேட்க மாட்டேன்.

இதைவிடப் பெரிய வில்லங்கம், அந்த வாடகை ரூபாயில் நிலையான தொகை என்பது. இருபது ஆண்டுக்கும் ஒரே எண். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய்ச் சொச்சம். வைகாசியில் 360ஐத் தொட்டது. அந்தப் புரட்டாதியில் விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்துக்குக் கிட்ட நின்றது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று கால் வீங்கின நாட்டில், இருபது ஆண்டுக்கு மாறாத ரூபாய்க் கணக்கைக் கொண்டுவந்து நீட்ட ஒரு துணிச்சல் வேண்டும். ஆண்டுக்கு இத்தனை சதவீதம் ஏறும் என்றோ, உற்பத்தியாகும் மின்சாரத்தில் இத்தனை பங்கு என்றோ ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கேட்டேன். "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்றான். அந்தப் பதில் இன்னும் வரவில்லை.

கழற்றுவது பற்றியும் ஒரு வரி இல்லை. ஆயுள் முடிந்த கோபுரத்தை யார் இறக்குவார்கள், நிலத்துக்குள் இறங்கியிருக்கும் கொங்கிரீட்டை யார் கிண்டுவார்கள், அதற்கான காசை யார் இப்போதே வைப்பில் போடுவார்கள்? எங்கள் நிலத்துக்குள்ளே ஒருவன் புதைத்துவிட்டுப் போனதை இன்னொருவன் வந்து கிண்டி எடுக்க எத்தனை ஆண்டு ஆகும் என்பது முகமாலைக்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டிய விஷயம் இல்லை.

அடுத்தது அவர்கள் விட்டுவிட்டுப் போனால்? இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட் காற்றாலை என்று எவ்வளவு கதை நடந்தது. விலை ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்பது வரைக்கும் பேசி, வழக்கு நடந்து, ஆட்சி மாறி, 2025 பெப்ரவரியில் இந்தியாவின் அதானி நிறுவனம் விலகிவிட்டது. அவ்வளவு பெரிய யானையே திரும்பிப் போனதென்றால் என் வீட்டு மஞ்சள் கோப்பு எம்மாத்திரம்? யானை போகட்டும். ஆனால் காணிப் பதிவகத்தில் என் உறுதிக்கு மேல் பதிந்த குத்தகை தானாகப் போகாது. அதைத் துடைக்க நான் உறுதி எழுதும் நொத்தாரிசு வீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டும். அவர்கள் விலகினால் எத்தனை நாளுக்குள் தங்கள் செலவில் பதிவை நீக்கித் தர வேண்டும் என்று ஒரு வாசகம் போடுங்கள் என்றேன். அதைக் கையில் எழுதிக்கொண்டான். உள்ளங்கையில்.

சாவகச்சேரியில் எனக்குத் தெரிந்த நொத்தாரிசு ஒருவரிடம் அந்தப் பத்தொன்பது பக்கத்தையும் கொண்டுபோனேன். பழைய ஆள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார். "ரீச்சர், இதில் உங்களுக்குக் கடமை பதினாறு, உரிமை ஒன்று. அந்த ஒன்று வாடகை" என்றார். எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. வாசித்ததற்குக் காசு வாங்கவில்லை. அவருடைய மகளுக்கு நான் படிப்பித்திருக்கிறேன்.

அயல் என்ன நினைக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு சனிக்கிழமை காணிக்குப் போய்ச் சுற்றினேன். மேற்கு வேலிக்காரர் இலண்டனில் இருக்கிறார். அவருடைய காணியில் நாயுண்ணிப் பற்றை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. தொலைபேசியில் கேட்டபோது, எவ்வளவு தந்தாலும் கொடுத்துவிடலாம், சும்மா கிடக்கிறதுதானே என்றார். அவருடைய சும்மாவும் என்னுடைய சும்மாவும் ஒன்றாகாது. கிழக்கு வேலிக்காரர் அங்கேயே குடியிருக்கிறார், வெங்காயம் செய்கிறார், இரண்டு மாடு. அவர் சொன்ன முதல் காரணம், காற்றாடி மழை மேகத்தைக் கலைத்துவிடும் என்பது. அது பிழை, முந்நூறு நானூறு அடியில் சுற்றும் இறக்கை மழையை விரட்டாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி ரீச்சர். ஆனால் வாடகை உங்களுக்கு, சத்தம் எனக்குத்தானே" என்றார். அதற்கு என்னிடம் விளக்கம் இருக்கவில்லை.

அவருடைய வீட்டுத் திண்ணைக்கும் கோபுரத்துக்கு அடித்த முளைக்கும் நடுவில் நானே நூல் பிடித்து அளந்தேன். 210 மீற்றர். அந்தக் கோபுரம் இறக்கையின் நுனியோடு சேர்த்து 125 மீற்றர் என்று படத்தில் போட்டிருந்தது. டென்மார்க்கில் குடியிருப்பு வீட்டுக்கும் காற்றாலைக்கும் நடுவில் அதன் முழு உயரத்தைப்போல் நான்கு மடங்கு இடைவெளி வேண்டும் என்று தம்பி சொன்னான். அவன் ஹேர்னிங் பக்கம் முப்பது ஆண்டாக இருக்கிறான். தோட்டத்துக்குத் தோட்டம் காற்றாலை நிற்கும் ஊர். அந்தக் கணக்கில் பார்த்தால் 500 மீற்றர். 2009 முதல் அங்கே ஒரு சட்டம் இருந்தது: புதிதாகக் காற்றாலை வைக்கிற நிறுவனம், குறைந்தது 20 சதவீதப் பங்கை நாலரைக் கிலோமீற்றருக்குள் குடியிருப்பவர்கள் வாங்குவதற்கு முதலில் முன்வைக்க வேண்டும். பிறகு அந்த முறையை மாற்றி, கிட்ட இருக்கிற வீட்டாருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை என்று ஆக்கிவிட்டார்களாம். எந்த வழியென்றாலும் அயலவன் கணக்கில் இருக்கிறான். இவர்களுடைய பத்தொன்பது பக்கத்தில் 'அயலவர்' என்ற சொல் ஒரு தடவை வருகிறது: அயலவர் ஆட்சேபித்தால் அதைத் தீர்த்துவைப்பது காணிச் சொந்தக்காரரின் பொறுப்பு.

ஒரு கதியால் அரை முழம் தள்ளி நட்டதற்காக மூன்று தலைமுறை வழக்காடிய சனம் நாங்கள். அந்த ஊருக்குள் 125 மீற்றர் கதியால் ஒன்றை நட்டுவிட்டு, வேலிச் சண்டையை என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

பொல்லுப்பளைப் பக்கமும் ஒரு மாலைப்பொழுது போனேன். அங்கே ஓர் அம்மா, சத்தம் பெரிதாக இல்லை, சோளகக் காற்றுப் பலமாக அடிக்கிற இரவில் மட்டும் தூரத்தில் உழவு இயந்திரம் ஓடுவது போல இருக்கும், பழகிவிட்டது என்றார். அவருடைய ஆடுகள் கோபுர நிழலில் படுத்து, நிழல் நகர நகரத் தாங்களும் நகர்கின்றன. இன்னொருவர், காற்றாடி வந்தால் ஊருக்கு இலவச மின்சாரம் என்று யாரோ சொன்னதை நம்பி ஏமாந்த கோபத்தில் இருந்தார். மின்சாரம் கம்பி வழியே நாட்டின் மின்வலையமைப்புக்குப் போகிறது. அவருடைய வீட்டுக்கு எல்லாரையும் போலப் பட்டியல் வருகிறது. இலவசம் என்று சொன்னது யார் என்று அவருக்கும் நினைவில்லை. இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன்.

தண்ணீர் விஷயத்தை நான் சொல்லாமல் விட முடியாது. காணியின் தென்கிழக்கு மூலையில் மார்கழியில் முழங்கால் வெள்ளம் நிற்கும். அது மெல்ல வடிந்து தரவை வழியாக நீரேரிக்குப் போகும். படத்தில் போட்டிருக்கும் பாதை அந்த வடிகாலை நேரே குறுக்கறுக்கிறது. மதகு ஒன்றும் இல்லை. மன்னார்த் தீவில் முப்பது காற்றாலைகளோடு 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலைப் பண்ணை திறந்த பிறகு, பாதை போட்டு உயர்த்தியதால்தான் வெள்ளம் வடியாமல் நிற்கிறது என்று அந்த மக்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் புதிய காற்றாலைகளுக்குப் பாகம் ஏற்றிவந்த வாகனங்களை மறித்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்திவைத்தார். அவர்களைப் படிப்பறிவில்லாத சனம், முன்னேற்றத்துக்கு எதிரிகள் என்று கொழும்பில் இருந்து எழுதினவர்களையும் வாசித்தேன். என் காணியில் வெள்ளம் எந்தப் பக்கம் வடியும் என்பதை அறிய ஒரு மார்கழி மழைக்குக் குடையோடு வந்து நின்றால் போதும். அவர்கள் வந்தது சித்திரை வெயிலில். முளை அடித்துவிட்டுப் போனார்கள்.

காற்றுக்கு மட்டும் முழுப் புள்ளி கொடுக்கிறேன். வைகாசியில் தொடங்கி ஆவணி கழியும்வரை சோளகம் என் தென்னைகளை ஒரு பக்கம் சாய்த்தே வளர்த்திருக்கிறது. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுகிற வாடைக் காற்று வேறு. காற்று இருக்கிறதா என்று அவர்கள் கோபுரம் கட்டி மூன்று ஆண்டு அளக்க வேண்டியதில்லை, என் மரங்களைப் பார்க்கலாம் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். "வங்கிக்கு மரத்தைக் காட்ட முடியாதே அன்ரி" என்றான். நியாயம்தான். ஆனால் காற்று அவர்கள் கொண்டுவந்ததில்லை என்பதால் அந்தப் புள்ளியை அவர்கள் கணக்கில் சேர்க்க முடியாது.

காகிதத்துக்கு அறுபதில் எட்டு. அந்த எட்டும் பக்க எண் ஒழுங்காக இட்டதற்கும், வாடகையை ஆண்டின் முதல் மாதமே கட்டுவோம் என்ற வாசகத்துக்கும். 26ஐயும் 8ஐயும் கூட்டினால் 34. சாதாரண தரப் பரீட்சையில் 35 எடுத்தால் எஸ் என்ற குறைந்தபட்சச் சித்தி கொடுப்பார்கள். ஒரு புள்ளி போட்டு உயர்த்திவிடலாமே என்று என் கணவர் கேட்டார். நாற்பது பேர் வகுப்பில் அவ்வாறு உயர்த்தி எனக்குப் பழக்கமில்லை.

உங்கள் வீட்டுக்கு வந்தால் உறுதியின் மூலப்பிரதியைக் கையில் கொடுக்காதீர்கள். போட்டோப்பிரதி கேட்டாலும் எதற்கு என்று கேளுங்கள். வருகைப் பதிவு என்று ஒரு தாள் நீட்டுவார்கள். அதன் அடியில் சிறிய எழுத்தில் 'கொள்கையளவில் சம்மதம்' என்று இருக்கும். நான் அதில் தேதியையும் 'வந்தார், தேநீர் குடித்தார்' என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திருத்திய பத்தொன்பது பக்கத்தையும் சிவப்பு மையோடு தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். போன கிழமை அந்தப் பிள்ளை தொலைபேசி எடுத்தான். முழுவதும் தமிழில் எழுதிய பிரதி தயாராகிறது என்றான். வாடகை ஏற்றம் பற்றியும் கிழக்கு வீட்டுக்காரர் பற்றியும் 'ஏதோ ஒரு வாசகம்' வருகிறதாம். செவ்வாய்க்கிழமை கொண்டுவரட்டுமா என்று கேட்டான். செவ்வாய் வேண்டாம், புதன் காலை காணிக்கே வா, தேங்காய் பறிக்க ஆள் வருகிறது, முப்பத்தெட்டு மரத்திலும் எவ்வளவு விழுகிறது என்று உன் கையாலேயே எண்ணிப் பார் என்றேன். சாக்குக் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டான்.